பட்டியலில் ஐந்தாவது

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போன பிறகும் ரௌட்டரின் பச்சை விளக்கு துடித்துக்கொண்டேயிருந்தது. அது துடித்தால் யாரோ எதையோ காற்று வழியே அனுப்புகிறார்கள் என்று பொருள். அறையில் சுமலதா மட்டும்தான் இருந்தாள். அவள் கணினியில் எந்தப் பக்கமும் திறந்திருக்கவில்லை.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து மலையில் குடியேறிய குடும்பங்களுக்குப் பட்டா வாங்கித் தர அலையும் சின்னஞ்சிறு தொண்டு நிறுவனம் அது. கொடைக்கானலில் ஏரியிலிருந்து மேலேறும் சாலையில், பழைய கல் வீடொன்றின் முன்பாதியில் இருந்தது. கணினிகளும் இணையமும் சுமலதாவின் பொறுப்பு. மூன்று நாளாக இணையம் நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. மன்னவனூர்ப் பக்கத்து இருநூறு குடும்பங்களின் பத்திரங்களைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். அவை மாலைக்குள் சென்னைக்குப் போயாக வேண்டும்.

பொறுப்பாளர் கந்தவேல் சாப்பிட்டுத் திரும்பியவர் உட்காரவில்லை. குடையை எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா சுமலதா, ஒன்னைய விரட்டுறேன்னு நெனைக்காத. இன்னைக்கு விட்டா அந்தச் சனங்க இன்னொரு வருசம் அலையணும். நான் தாசில்தாரைப் பாத்துட்டு வந்துர்றேன். மத்தவங்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன், பனி எறங்குது."

"நீங்க போங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

அவர் வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லாமலே போய்விட்டார். நாற்பத்தொரு நாளாக எல்லோரும் அவளிடம் அப்படித்தான் இருந்தார்கள்.

நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் அவள் கணவன் ராஜ்மோகன் கேமராவும் மடிக்கணினியுமாக மன்னவனூருக்குக் கிளம்பிப் போனான். அவனும் இதே அலுவலகம்தான். படமெடுப்பது அவன் வேலை. மறுநாள் பைன் காட்டோரம் அவன் பைக் ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றிருந்தது. சாவி அதிலேயே இருந்தது. வனக் காவலர்கள் ஆறு நாள் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. சுமலதா பொட்டு வைப்பதா, கூடாதா என்று அக்கம்பக்கத்தார்தான் பேசிக்கொண்டார்கள். அவள் வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

பழனியில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜெயமுருகன்தான் அந்த ரௌட்டரைப் பொருத்தியவன். அவனுக்குப் போன் போட்டாள்.

"கல் செவுருக்கா, அதான் ரேஞ்சு அடிவாங்குது. மரத் தடுப்புக்குப் பின்னாடி வச்சிருக்கீகளா? ஒசரத்துல வையிங்க. ஏரியலை நட்டமா நிறுத்துங்க. சேனலையும் மாத்திப் பாருங்க."

"மாத்திட்டேன் தம்பி. அப்படியேதான் கெடக்கு."

"அப்ப எத்தனை மிசின் ஏறியிருக்குன்னு பாருங்க. ரொம்பத் தூரத்துல ஒண்ணு சிக்னல் இல்லாம தொத்திக்கிட்டு இருந்தாலும் இப்படித்தான் ஆகும். பாதயாத்திரைக் கூட்டத்துல ஒருத்தன் நொண்டுனா மொத்தக் கூட்டமும் அவனுக்காக மெதுவா நடக்கும்ல, அந்தக் கதைதான். பாத்து அதைய வெட்டி விட்டுருங்க. சரியாயிரும்."

போனை வைத்துவிட்டு ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தாள். அது திறக்கவே ஒரு நிமிடம் ஆனது. அலுவலகத்தில் நான்கு கணினிகள். ஒவ்வொரு கணினிக்கும் தனி அடையாள எண் உண்டு; அனுமதித்த எண்களை மட்டுமே ரௌட்டர் உள்ளே விடும். அந்த எண்களை ஏற்றியவளே அவள்தான்.

பட்டியலில் ஐந்து இருந்தன.

முதல் நான்குக்கும் சிக்னல் எண்பதுக்கு மேல் காட்டியது. ஐந்தாவதற்கு மூன்று சதவீதம். அதன் எதிரே இருந்த பெயரை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் கையால் தட்டெழுதிய பெயர், அழிக்க மனம் வராமல் விட்டுவைத்த பெயர். ராஜ்மோகன்.

வெளியே பனி ஜன்னல் கண்ணாடிவரை வந்திருந்தது. மூன்று மணிக்கே அறை இருண்டு போயிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் நீரின் ஓசையும் டியூப்லைட்டின் ரீங்காரமும் அவள் காதுக்குள்ளேயே கேட்பதுபோல இருந்தன.

பெயருக்குப் பக்கத்தில் ‘துண்டிக்க’ என்று ஒரு பொத்தான் இருந்தது. மடிக்கணினியை எவனோ கண்டெடுத்திருக்கலாம் என்று நினைத்தாள். திருட்டுப் பொருள் கைமாறி இந்தத் தெருவுக்கே வந்திருக்கலாம். பொத்தானை அமுக்கினால் இருநூறு குடும்பங்களின் படங்களும் போய்ச் சேர்ந்துவிடும். விரல் மௌஸின்மேல் இருந்தது. அமுக்க முடியவில்லை. நாற்பத்தொரு நாளில் அவன் பெயர் அசைந்த ஒரே இடம் அதுதான்.

அவள் எழுந்துபோய் ரௌட்டரைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். ஒயரை இழுத்து ஜன்னலோரத்து அலமாரியின் உச்சியில் வைத்தாள். ஏரியலைக் காட்டுப் பக்கம் நேராக நிறுத்தினாள்.

ஒன்பது. பதினான்கு. இருபத்திரண்டு.

ராஜ்மோகனின் மடிக்கணினி அலுவலகத்துக்குப் பக்கத்தில் வந்ததுமே, அன்றைய படங்கள் தாமாகவே அவள் கணினியில் ஒரு கோப்புறைக்குள் வந்து விழும். அவள்தான் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தாள். மாலைகளில் படங்கள் விழத் தொடங்கினால் டீக்குப் பால் வைப்பாள். அவன் கேட்டைத் தாண்டி வருவதற்குள் கொதித்துவிடும். இப்போது அந்தக் கோப்புறையைத் திறந்தாள்.

படம் ஒன்று வந்துகொண்டிருந்தது. மேலிருந்து கீழாக, கோடு கோடாக. முழுக்க வெண்பனி. அடுத்ததில் பனிக்குள் பைன் மரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. மூன்றாவதில் தார்ச்சாலை. நான்காவதில் ஏரிக்கரைக் கம்பிவேலி.

நாற்பது. ஐம்பத்தைந்து.

"வாங்க," என்றாள். தன் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது. "வழி தெரியுதுங்களா? இங்கதான் இருக்கேன். வாங்க."

ஐந்தாவது படத்தில் அலுவலகத்தின் கேட்.

எழுபத்தெட்டு. தொண்ணூற்றொன்று.

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவைத்தாள். பனி உள்ளே வந்தது. வாசலில் யாருமில்லை. கேட்டின் கொண்டி அசையவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு நாற்காலிக்கே திரும்பினாள்.

முதலில் வாசனை வந்தது. ஈரக் கம்பளி, அழுகிய பைன் ஊசி, கிளறிய மண். அவள் பயப்படவில்லை. நாற்பத்தொரு நாள் காட்டில் கிடந்த மனிதனுக்கு வேறென்ன வாசனை இருக்கும்?

பிறகு வலது தோளில் ஒரு கை விழுந்தது. குளிர்ந்த, கனத்த கை.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தாள். கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, அந்தக் கையின்மேல் கன்னத்தை வைத்தாள். ஆறு நாள் தேடுதலிலும் அக்கம்பக்கத்தார் முன்னிலையிலும் வராத அழுகை அப்போது வந்தது.

"எங்கங்க போனீங்க," என்று விம்மினாள். "ஒத்தையில விட்டுட்டு எங்க போனீங்க. அத்தை இன்னும் ஒங்களுக்கும் சேத்துத்தான் சோறு போட்டு வைக்கிறாங்க."

கை மட்டும் இருந்தது. அதுவே போதும் போலிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. கண்ணைத் திறந்தபோது கணினியில் ஆறாவது படம் வரத் தொடங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்தச் சிக்னல் எண்.

அறுபது.

அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

நாற்பத்தெட்டு.

ஐந்தாவது கணினி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டி. சாலையைத் தாண்டி. யாரோ பிடித்து இழுத்துப் போவதுபோல, விட்டு விட்டு.

முப்பது.

தோளில் கை அப்படியே இருந்தது.

படம் கோடு கோடாக இறங்கியது. வெளியிலிருந்து, ஜன்னல் கண்ணாடி வழியே எடுத்த படம். இந்த அறை. கூரைப் பலகை. டியூப்லைட். லைட்டுக்கும் மேலே, பலகையை ஒட்டி, குனிந்த ஏதோ ஒன்றின் உச்சந்தலை.

இருபது.

இன்னும் கொஞ்சம் இறங்கியது. கண்ணாடியில் படமெடுப்பவனின் பிம்பம் விழுந்திருந்தது. ராஜ்மோகன். ஒரு கையில் கேமரா. மறு கை கண்ணாடியில் விரிந்து அறைந்திருந்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது. கத்தியிருக்கிறான். அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை.

பதினொன்று.

பிறகு அவள் முகம். கண்மூடி, நிம்மதியாக. அதன் கீழே அந்தக் கையின் விரல்கள் தொடங்கின. நீளமாக. படம் இறங்க இறங்க அவை முடியவே இல்லை.

நான்கு. இரண்டு.

படம் பாதியில் நின்றது. பட்டியலில் நான்கு கணினிகள் மட்டும் இருந்தன. இணையம் பழைய வேகத்துக்கு வந்து, இருநூறு குடும்பங்களின் படங்களும் மளமளவென்று சென்னைக்குப் போகத் தொடங்கின.

அவளால் அசைய முடியவில்லை. கன்னம் ஈரமாக இருந்தது. அழுகிற குழந்தையைத் தேற்றுவதுபோல, அந்தக் கை அதை மெல்லத் துடைத்துவிட்டது.