முன்னால் தாவிய ல

காலை ஒன்பது மணிக்கே துப்பறிவாளருக்கு அலுத்துவிட்டது. முப்பது வருஷமாக அழுகிற முகங்களைப் பார்க்கிறார்; முடியாது என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. எதிரே இருந்தவள், மருந்துக் கிடங்கின் பெட்டக அறையைத் தினமும் திறப்பவள்.

"பூட்டுக்கிட்ட பத்துச் சொல்லை மடமடன்னு சொல்லணும் சார். லகடம், லிசுபம்னு அர்த்தமே இல்லாத சொல்லு. எல்லாமே ல-வுலதான் ஆரம்பிக்கும். யார் சொன்னாலும் திறக்கும், ஆனா நாக்கு பிசகினா திறக்காது. எனக்கே பழக ஒரு மாசம் ஆச்சு. கதவைச் சாத்திட்டுத் தனியாத்தான் சொல்வேன். தாள் என் மேஜையில இருக்கும். ஞாயித்துக்கிழமை யாரோ திறந்து, விலை ஒசந்த மருந்தையெல்லாம் அள்ளிட்டாங்க. பழி என் தலையில. நாளையோட வேலை போகுது. வீட்டுக்காரர் படுத்த படுக்கை சார்."

"அன்னிக்கு யாரெல்லாம் வந்தாங்க?"

"மேற்பார்வையாளரும் டிரைவரும். அந்தத் தாளைக் கண்ணாலகூடப் பார்க்கலைன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்றாங்க."

"டிரைவர்தான் அத்தான்! முழியே சரியில்ல," என்றான் துப்பறிவாளருக்கு உதவியாக இருந்த அவர் மச்சான்.

"நீ இன்னும் அவன் முகத்தையே பார்க்கலையேப்பா."

மதியம் கிடங்கில் மூவரிடமும் துப்பறிவாளர் ஓர் அட்டையை நீட்டினார். 'கமடு சலபு' என்று அதில் எழுதியிருந்தது. வேகமாக முப்பது தடவை சொல்ல வேண்டும். மச்சான் பிசகுகளைக் கோடு போட்டு எண்ணினான்.

டிரைவர், "கமடு சபல்... சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "சின்னப்பிள்ளை விளையாட்டு," என்று சிரித்த மேற்பார்வையாளர், "கமடு லசபு" என்றார். அந்தப் பெண்ணும் "லசபு" என்றுதான் தடுமாறினாள்.

துப்பறிவாளர் பெருமூச்சு விட்டார்.

"நாக்கு எல்லாருக்கும் பிசகும். ஆனா கண்டபடி பிசகாது, பழகின தடத்துலதான் போய் விழும். நம்ம பேச்சுல ல முன்னால வர்றது அபூர்வம், கடைசியில வர்றதுதான் சகஜம். டிரைவர் ஒன்பது தடவையும் அதைக் கடைசிக்குத்தான் தள்ளினார். இந்தம்மா முன்னால இழுத்தாங்க, தினமும் சொல்ற வேலை. நீங்களும் பதினோரு தடவை முன்னாலதான் இழுத்தீங்க சார். அது ஒருநாள் கேட்டு வர்றதில்ல. வாயால சொல்லிச் சொல்லிப் பழகினாத்தான் வரும்."

மேற்பார்வையாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"குளிக்கறப்பகூட அதையேதான் சொல்லிட்டிருந்தேன்," என்றார் கடைசியில். "மருந்தெல்லாம் தங்கச்சி வீட்டுப் பரண்ல இருக்கு."

ஜெயித்த சந்தோஷம் எதுவும் துப்பறிவாளருக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. வாசலில் அந்தப் பெண் கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க... லேவை போகலைங்க! ஐயோ, லேவை..."

மூன்றாம் தடவைதான் "வேலை" வந்தது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.