ஏழாவது வரிசை

சீட்டுகளை எல்லாம் திருப்பியாயிற்று என்று நினைத்து, ரயிலைச் சுத்தம் செய்யும் கியோனோ மூன்றாம் பெட்டியின் கதவோரம் நின்று ஒருமுறை பார்த்தாள். இருவர் உட்காரும் முப்பது சீட்டுகளும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இருபத்தொன்பது அப்படித்தான் இருந்தன. வலது பக்கம் ஏழாவது வரிசை மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விட்டுப்போயிருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் சகஜம் என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள். தண்டவாளம் இந்த ஊரோடு முடிகிறது. வந்த ரயில் வந்த வழியே பின்னோக்கித்தான் போக வேண்டும். பயணிகள் முதுகு காட்டிப் போகக் கூடாது என்பதால் ஒவ்வொரு சீட்டையும் கையால் திருப்ப வேண்டும். கதவுகளைச் சாத்திக்கொண்டு வேலை. மொத்தம் பன்னிரண்டு நிமிடம், அதில் பெருக்கலும் துடைப்பும் சேர்த்தி. சீட்டின் கீழே இருந்த மிதியைக் காலால் அழுத்தி முதுகுப்புறத்தைப் பிடித்து இழுத்தாள். சீட்டு சுழன்று 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

கையை எடுத்தபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். நனைந்த கம்பளிக் கோட்டு வாசனை, கூடவே அப்போதுதான் உரித்த கமலா ஆரஞ்சு வாசனை. இந்த வாசனை அவளுக்குத் தெரியும்.

பதினெட்டு நாளுக்கு முன்னால் இதே மாலை ரயில், இதே சீட்டு. ஜன்னலோரம் சாய்ந்திருந்தார் ஒரு பெரியவர், பனியில் நனைந்த கம்பளிக் கோட்டு, மடியில் பாதி உரித்த பழம். "ஐயா, கடைசி ஸ்டேஷன்" என்று தோளைத் தொட்டாள். அசையவில்லை. கதவு திறக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது, இன்னும் பன்னிரண்டு சீட்டு பாக்கி. குடித்துவிட்டுத் தூங்குகிறார், திரும்பிப் போகிற ஆள் போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதியை அழுத்தினாள். சீட்டோடு சேர்த்து அவரையும் திருப்பிவிட்டாள். திரும்பும்போது அவருடைய ஒரு கண் பாதி திறந்திருந்தது. இமை துடித்தது. அதைப் பார்த்தாள். பார்த்தும் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள்.

ரயில் போன பிறகு, வெளிவாசலில் நின்றிருந்த ஒரு பெண் கேட்டாள்: "எங்கப்பா இன்னும் வரலீங்களே. மூணாம் பெட்டின்னு சொன்னாரு. பாத்தீங்களா?"

"எல்லாரும் இறங்கிட்டாங்கம்மா."

மறுமுனையில் அந்தப் பெரியவரை இறக்கியபோது உயிர் இல்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துக் கை காலும் நாக்கும் விழுந்துவிட்டதாம். ஆனால் இங்கிருந்து கிளம்பி ஒரு மணி நேரம் வரை உயிர் இருந்ததாக டாக்டர் சொன்னாராம். மேற்பார்வையாளர் விசாரித்தபோது அந்தச் சீட்டு காலியாக இருந்தது என்றாள் கியோனோ. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த பெட்டியின் கதவு திறந்தது. உடன் வேலை பார்க்கும் நோபுயே தலையை நீட்டினாள்.

"என்னக்கா, சீட்டோட குடும்பம் நடத்துறீங்களா? உங்க மக குடையோட வந்து நிக்கிறா. பிள்ளத்தாச்சிப் பொண்ண பனியில எவ்வளவு நேரம் நிக்க வைப்பீங்க?"

"வராதன்னு சொன்னேன்டி. கேட்டாத்தானே. நீ போ, வந்துட்டேன்."

கதவு மூடியது. மகள் மிசாவோ தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இது எட்டாம் மாதம். சட்டியில் முள்ளங்கியும் மீன் உருண்டையும் கொதிக்கவைத்துவிட்டு, அம்மாவை அழைத்துப்போக தினமும் வாசலில் வந்து நின்றுவிடுவாள். அவளை நினைத்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஐந்து நிமிடம். முடித்துவிட்டுப் போய்விடலாம்.

திரும்பினாள்.

ஏழாவது வரிசை மறுபடியும் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

'டக்' சத்தம் கேட்கவே இல்லை. வெப்பக்காற்றுக் குழாயின் முனகலைத் தவிர பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. கியோனோ மிதியை அழுத்தினாள். இறங்கவில்லை. இரண்டு காலாலும் ஏறி மிதித்தாள். முதுகுப்புறத்தை இழுத்தபோது சீட்டு கனத்தது, ஆள் உட்கார்ந்திருக்கும் சீட்டு எப்படிக் கனக்குமோ அப்படி. அந்தக் கனம் அவள் கைக்குத் தெரியும்.

"மன்னிச்சிடுங்க ஐயா," என்றாள். "நேரமில்லாமப் போச்சு. தப்புதான். மன்னிச்சிடுங்க."

சீட்டு லேசாயிற்று, சுழன்று பூட்டிக்கொண்டது.

அவள் மூச்சு விட்டாள். சீட்டுக்கு முன்னால் வந்து குனிந்து கும்பிட்டாள். நிமிர்ந்து, போகத் திரும்பினாள்.

சீட்டு மறுபடி ஊர்ப்பக்கம் சுழன்றது. முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. பொத்தென்று உட்கார்ந்தாள்.

எழுந்திருக்க நினைத்தாள். கால் வரவில்லை. கை மடியில் கிடந்தது. நாக்கு கல்லாய்க் கிடந்தது. தலை மெல்லச் சாய்ந்து ஜன்னலைத் தொட்டது. கண்ணாடி சில்லென்றிருந்தது.

ஜன்னல் வழியே நடைமேடையின் கோடியில் வெளிவாசல் தெரிந்தது. சிவப்புக் குடை. மிசாவோ ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

மிசாவோ.

கத்தினாள். உள்ளேதான் கத்தினாள்.

கதவு திறந்தது. நோபுயேயின் காலடி. நோபுயேவுக்குத் தன்னைத் தெரியும், இதோ பார்த்துவிடுவாள்.

"ஐயா," என்றாள் நோபுயே. "ஐயா, கடைசி ஸ்டேஷன் வந்தாச்சு."

தோளில் கை. இரண்டு தட்டு. கியோனோ கண்ணை அவள் பக்கம் திருப்பப் பார்த்தாள். ஒரு இமை மட்டும் துடித்தது.

நோபுயே கடிகாரத்தைப் பார்த்தாள். "குடிச்சிருக்காரு போல," என்று முணுமுணுத்தாள். "அக்கா எங்க போனாங்க, ஒண்ணத் திருப்பாம விட்டுட்டு?"

வேண்டாம். நோபுயே. வேண்டாம்.

மிதி இறங்கியது.

சிவப்புக் குடை நகர்ந்தது. வாசல் நகர்ந்தது. ஊர் முழுக்க நகர்ந்து தலைக்குப் பின்னால் போனது. 'டக்'.

ஆட்கள் ஏறினார்கள். பெட்டி நிறைந்தது. இப்போது ஜன்னலோரமாகிவிட்ட பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்த ஒரு பெண் முகம் சுளித்துத் தள்ளிப் போனாள். மணி அடித்தது. கதவுகள் மூடின.

ரயில் கிளம்பும்போது வேலையாட்கள் நடைமேடையில் வரிசையாக நின்று குனிந்து வணங்குவது வழக்கம். ஜன்னலுக்கு நேரே இரண்டு நீலச் சீருடைகள் குனிந்திருந்தன. ஒன்று நோபுயே. மற்றொன்று கியோனோவின் தொப்பி, கியோனோவின் கையுறை, கியோனோவின் இடது தோளில் தைத்த ஒட்டு.

அது நிமிர்ந்தது. கியோனோவின் முகம்தான். ஒரு கண் பாதி திறந்திருந்தது.

"வாங்கக்கா, போலாம்," என்று நோபுயேயின் உதடு அசைவது தெரிந்தது. "மக காத்திட்டிருக்கா."

அது திரும்பி, சொட்டச் சொட்ட நனைந்த கால்களோடு வாசலை நோக்கி நடந்தது. ரயில் வேகம் எடுத்தது. கியோனோவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.