அளவு மார்பு

காலை ஒன்பது பதினேழு. ஆறாவது படுக்கையிலும் பச்சை எரிந்தது.

"பச்சன்னா நல்லதுதான? மூஞ்சிய ஏன் பிள்ள தூக்கி வச்சிருக்க?" என்றாள் படுக்கையில் இருந்த இசக்கியம்மாள். உப்பளத்தில் மயங்கி விழுந்து, போன வாரம் இங்கே கொண்டுவரப்பட்டவள்.

பெனிட்டா கருவியைத் துடைத்து மறுபடி ஒட்டினாள்; மீண்டும் பச்சை. இந்த ஆறு பேருக்கும் இதய வால்வில் கசிவு என்று மருத்துவர்கள் உறுதி செய்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் அளவே இருந்த அவளுடைய இதயச்செவி ஆறு மார்பிலும் சிவப்பு காட்டியிருக்க வேண்டும்.

மருத்துவப் பொறியியல் முதுகலையில் கட்டுரை எழுதிப் பட்டம் வாங்கிய காலம் போய்விட்டது. ஆய்வகத்தில் செய்த கருவி வார்டில் வேலை செய்து காட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. இது மூன்றாவது. தோற்றால் கருவி பரணுக்கு, பெனிட்டா ஊருக்கு.

"நோயில்லாத ஆள் ரெண்டு பேர் பாக்கி. அதையும் பாத்துரு," என்றார் பேராசிரியர் ஆவுடையப்பன். மூன்று மாடி ஏறி வரும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கைபேசியைப் பார்த்தவர். பெனிட்டா பின்னால் வந்தாள். திரை இருட்டாகத்தான் இருந்தது.

செவிலியர் ரோஸ்லினிடம் ஓடினாள். "அக்கா, ஒரு நிமிசம் ஒட்டிக்கிடுங்க."

"ஒட்டு. என் நெஞ்சு குதிரை மாதிரி."

சிவப்பு.

"ஏட்டி, என்னட்டி இது! குதிரை படுத்துட்டா?"

பெனிட்டா அதைப் பிடுங்கித் தன் மார்பில் ஒட்டினாள். போன மாதம்தான் முழுப் பரிசோதனையில் தேறியவள். சிவப்பு.

அப்போதுதான் பொறி தட்டியது. கருவி குழம்பவில்லை. நோயாளி ஆறு பேர், நலமானவர் இருவர். ஒருவர்கூடத் தப்பாமல் பிரித்துவிட்டது. தலைகீழாக.

இதயம் கேட்கும் எந்தக் கருவிக்கும் ஒப்பிட ஒரு நல்ல இதயம் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக அது ஆவுடையப்பனின் இதயம். நாள் தவறாமல் ஆற்றில் நீந்துகிறவர். துறையின் அளவு மார்பு. ஒவ்வொரு ஜூனிலும் மாணவர்கள் வரிசையில் நின்று அவர் துடிப்பைத் தங்கள் கருவியில் பதிந்து வாங்குவார்கள். கற்கண்டுகூட உண்டு. அன்றே அந்தத் துடிப்பு நானூறு சுகாதார நிலையங்களில் உள்ள துறையின் பழைய இதயக் கருவிகளுக்கும் போகும். அதைப் போல இருந்தால் பச்சை. விலகினால் சிவப்பு.

அளவு மார்பை யாரும் அளந்ததில்லை.

"சார், பழைய துடிப்பு எல்லாம் சேமிப்புல இருக்கா?"

"எதுக்கு?"

"மூணு வருசத்துக்கு முந்தினது போதும் சார்!"

சேமிப்பிலிருந்து எடுத்துக் கருவியில் ஏற்றினாள். படுக்கை படுக்கையாக ஓடினாள். சிவப்பு. சிவப்பு. ஆறும் சிவப்பு. ரோஸ்லின் பச்சை. பெனிட்டா பச்சை.

"வேலை செய்யுது! சார், வேலை செய்யுது!" வார்டே திரும்பிப் பார்த்தது. இசக்கியம்மாள் என்னவென்று தெரியாமலே கை தட்டினாள். பெனிட்டா அடுத்த ஆண்டின் துடிப்பை ஏற்றிப் பார்த்தாள். மறுபடி தலைகீழ்.

சிரிப்பு பாதியில் நின்றது. மூன்று ஆண்டுக்கு முந்தைய துடிப்பைத் திரும்ப ஏற்றினாள். கருவியை நீட்டினாள்.

ஆவுடையப்பன் தாமே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். சிவப்பு.

"மாடிப்படில மூச்சு வாங்கும்போதே சந்தேகப்பட்டேன். வயசுன்னு நெனச்சேன்," என்றார். மதிப்பீட்டுத் தாளை எடுத்து, 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "வாழ்த்துகள் பெனிட்டா. அருமையான கருவி."

"சார், முதல்ல உக்காருங்க."

"படுக்கவே இடம் இருக்கும்மா இங்க."

ரோஸ்லின் மருத்துவரைக் கூப்பிட ஓடினாள். பெனிட்டாவின் விரல்கள் தாளைப் பற்றியிருந்தன; மனம் ஜூன் மாதங்களை எண்ணியது. இரண்டு. பழைய கருவிகளுக்குக் காது மந்தம். கொஞ்சம் விலகினாலும் பச்சைதான், ரொம்ப விலகினால் மட்டுமே சிவப்பு. ஆவுடையப்பனின் சிறு கசிவு நலத்துக்கும் முற்றிய கசிவுக்கும் நடுவில் நின்றது. அதனால் இரண்டு ஆண்டும் நலமானவருக்கும் பச்சை, கசிவுள்ளவருக்கும் பச்சை. பச்சை காட்டும் கருவிமேல் யார் புகார் எழுதுவார்?

இசக்கியம்மாள் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ பிள்ள, எங்கூரு ஆஸ்பத்திரி மிசினு எனக்கு ரெண்டு வருசமாப் பச்சதான காட்டிச்சு? எங்கூட உப்பு வார்ற பொம்பளையெல்லாம் இன்னைக்கும் அதத்தான நம்பிக்கிட்டு இருக்காளுவ?"