நீல டிரம்

கைக்குழந்தை ஜெமிக்கு எடுத்த தண்ணீரில் நீலமாக ஏதோ மிதந்தது. ஜெயபுஷ்பம் டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தூசியைவிடப் பொடிசு. சனியன், எங்கிருந்துதான் வருகிறதோ என்று கொட்டிவிட்டு வேறு மொண்டாள். அதிலும் இருந்தது.

மூத்தவன் ஷாஜின் பேதியில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவளுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். கிணற்றில் இறைத்தால் தோல் பதனிடுகிற ஷாப்பின் நாற்றம். குழாயில் எப்போதோ வருவதைத்தான் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைப்பாள்; குடிக்க எல்லாருக்கும் அதுதான். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் கணவன் ஜெர்சன் அங்கிருந்து கொண்டுவந்த பழைய நீல டிரம், வெயிலில் வெளுத்தது. ஜெமியையாவது கர்த்தர் விட்டுவைக்கட்டும் என்று அதைக் கம்பி நாரால் கை ஓயத் தேய்ப்பாள். நீலத்தைப் பார்த்த பிறகு தினமும் தேய்த்தாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் இல்லை. டிரம்மைப் படுக்கவைத்துத் தலையை உள்ளே நுழைத்தாள். பாசியும் ரப்பரும் கலந்த வாசனை தொண்டையில் ஏற, அவள் விட்ட மூச்சே வெதுவெதுப்பாக முகத்தில் திரும்பி மோத, கம்பி நாரின் கரகரப்பு காதை அடைத்தது. கை வலித்தது. நிறுத்தினாள்.

கரகரப்பு நிற்கவில்லை.

தலையை வெளியே எடுத்துக் காது கொடுத்தாள். வீட்டுக்குள்ளிருந்து வந்தது. தூளியிலிருந்து. தூங்கும் ஜெமியின் நெஞ்சுக்குள்ளிருந்து.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து மஹ்பூபி எட்டிப் பார்த்தாள். "இன்னா புஷ்பம், தெனம் இத்தையே தேய்ச்சினு கீறே? உன் கையப் பாரு, எல்லாம் நீலமா கீது. நீ தேய்க்கத் தேய்க்க டிரம்முதாம்மா கழண்டு வருது!"

ஜெயபுஷ்பம் கையை விரித்துப் பார்த்தாள். "அக்கா... இத்தினி நாளா நானேவா புள்ளைக்குக் குடுத்தேன்?"

"அழுவாத. என் பித்தளைக் குடத்த எடுத்துக்கோ."

ஜெயபுஷ்பம் டிரம்மை எட்டி உதைத்தாள். அது உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. பெற்றவளே ஊட்டியிருக்கிறாளே! இனி எந்தத் தண்ணீரும் வேண்டாம், என் பால் போதும் என்று பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

ஜெமி வாய் வைத்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குடிடி கண்ணு. இது அம்மாதுடி."

ஜெமி பசியில் துடித்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டே அழுதாள். நெஞ்சு கரகரத்தது.

கரண்ட் வந்தது.

பிள்ளை அழ அழ பால் தானாகச் சுரந்தது. நிறுத்த முடியவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். வெள்ளை ரவிக்கையில் ஈரம் வட்டமாகப் படர்ந்தது.

நீலமாக.