குவிமாடம் குடித்த ரத்தம்

"கர்னல் சார், எங்க வீட்டுக்காரர் ரத்தத்தை ஏதோ உறிஞ்சுது."

தங்கம் அழாமல் சொன்னாள். அழுகையைவிட அது பயங்கரமாக இருந்தது வைத்திக்கு. டெலிபோன் இலாகா ஊழியரான அவர், டில்லி மயூர் விஹாரில் அழகர்சாமியின் மாடிவீட்டுக்காரர். எந்தப் புதிரானாலும் அவருடன் தொற்றிக்கொள்வார். கர்னல் அழகர்சாமி ராணுவ மருத்துவமனையில் முப்பது வருடம் நுண்ணோக்கியைப் பார்த்து ஓய்வுபெற்ற டாக்டர்.

"மெதுவா சொல்லும்மா."

தங்கத்தின் கணவர் விஸ்வநாதன் நான்கு மாதத்தில் பன்னிரண்டு கிலோ இளைத்துவிட்டார். ஸ்கேனில் நுரையீரலில் ஒரு நிழல்; இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் ஒவ்வொரு கட்டி. பரவிய புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள். ஊசி வைத்து எடுத்த துணுக்கில் செத்த அணுக்களே இருந்ததால் மறுபடி எடுக்கக் கூப்பிட்டார்கள். அவர் மறுத்துவிட்டார்.

"ரெண்டு தடவை ரத்தம் ஏத்தினாங்க, நிக்கல. நாளன்னிக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டுட்டாரு. கும்பகோணத்துல போய் சாகணுமாம்."

மூவரும் கீழ்வீட்டுக்கு இறங்கினார்கள். வாசலில் கிடந்த பழைய செருப்பைக் கர்னல் திருப்பிப் பார்த்தார். அடியில் கறுப்பாக ஒரு பொடி அப்பியிருந்தது. முகர்ந்துவிட்டு முகம் சுளித்தார்.

"வாக்கிங் செருப்புங்க. ரெண்டு மாசம் முன்ன வரைக்கும் விடியறதுக்குள்ள போயிடுவாரு."

விஸ்வநாதனின் முகமும் விரல் முட்டிகளும் கரி பூசினாற்போல் இருண்டிருந்தன. ஆனால் கர்னல் கீழிமையை இழுத்தபோது உள்ளே காகித வெள்ளை. எழுந்தவர் தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். மோரில் மூன்று சிட்டிகை உப்பு போட்டுக் குடித்துவிட்டு, ஆறிப்போன காபியை வாயின் ஒரு பக்கமாக உறிஞ்சினார்.

சுவரில் உறையோடு நாகஸ்வரம் தொங்கியது.

"அதைத் தொட்டு ஒரு வருஷமாச்சு," என்றாள் தங்கம். "சத்தம் தாங்கலன்னு சொசைட்டியில கம்ப்ளெயின்ட். இனிமே தொடமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரு."

கர்னல் உறையைத் திறந்தார். உள்ளே, ஊதும் முனையில் செருகும் நாணல் சீவாளிகள் நூலில் கோத்துக் கிடந்தன. இரண்டு புத்தம் புதியவை. உறையை மறுபடி மூடினார்.

வெளியே வந்ததும் வைத்தி துள்ளினார். "சார்! நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வரப்போ இவரைப் பாத்திருக்கேன். நிஜாமுதீன் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்குவார், கையில நீளமா ஒரு பை!"

"அப்ப வாய்யா, போவோம்."

பஸ் நிறுத்தத்திற்குப் பின்னால், புதருக்குள், பெயரில்லாத ஒரு கல்லறை மண்டபம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் பீடி பிடித்த காவலாளி தலையை ஆட்டினான். "அந்தர் மத் ஜாயியே, பாபுஜி." உள்ளே போகாதீர்கள், ஒரு மதராசி ஸாப் தினமும் போவார், குவிமாடம் அவர் ரத்தத்தைக் குடித்துவிட்டது என்றான்.

கர்னல் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். வைத்திக்கும் கட்டிவிட்டு, "வாசல் தாண்டாதே," என்றார்.

வைத்தி எட்டி நின்று "ஆ" என்றார். குரல் மேலே போய், கனத்து, மூன்று முறை திரும்பி வந்தது. யாரோ தன் குரலில் தன்னைக் கூப்பிட்டதுபோல அவருக்கு முதுகு சிலிர்த்தது. அப்போது கூரை அசைந்தது. கறுப்பாகப் பிய்ந்து, சிறகடித்து, நூற்றுக்கணக்கில் வெளியே பாய்ந்தது. தரையெல்லாம் கணுக்கால் ஆழத்துக்குக் கறுப்புப் பொடி.

மறுநாள் காலை விஸ்வநாதனின் கட்டிலருகே கர்னல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வௌவால் எச்சத்துல ஹிஸ்டோபிளாஸ்மான்னு ஒரு பூஞ்சை வளரும். மிதிச்சா தூள் பறக்கும். காவலாளி வெளியே உக்காந்திருக்கான், தப்பிச்சான். நீங்க தினமும் அந்தக் கல்லறைக் குவிமாடத்துக்குள்ள நின்னு வாசிச்சீங்க, அடிவயித்துலேர்ந்து மூச்சை இழுத்தீங்க. நாகஸ்வரக்காரன் மூச்சு."

தங்கம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா சார், கட்டி?" என்றார் வைத்தி.

"நுரையீரல்ல நிழலாத் தெரியும். அங்கேருந்து சிறுநீரகத்து மேல இருக்கிற அட்ரினல் சுரப்பிக்குப் போய் அதை வீங்க வைக்கும். ஸ்கேன் பார்த்தா கேன்சர் மாதிரியே இருக்கும். உடம்புல உப்பைப் பிடிச்சு வைக்கிறது அந்தச் சுரப்பிதான். அது படுத்துட்டா உப்பு கேக்கும், தோல் கறுக்கும், எழுந்தா கிறுகிறுக்கும். ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜையிலயும் அதே பூஞ்சை குடியேறும். ஊத்து அடைபட்ட கிணத்துல குடத்தால ஊத்தினா நிக்குமா? யாரும் உறிஞ்சலம்மா. ஊறவே இல்ல." கர்னல் குனிந்தார். "நாக்கை நீட்டுங்க."

விஸ்வநாதன் தயங்கி நீட்டினார். ஓரத்தில் கால்ரூபாய் அளவு புண்.

"சீவாளி கிழிச்சுதுன்னு நெனச்சேன்," என்று முனகினார். "ஆஸ்பத்திரில காட்டினா வாசிச்சது தெரிஞ்சுபோகும்."

"மறைச்சு வெச்ச அந்தப் புண்தான் சாட்சி. துளி கிள்ளி எடுத்தாப் போதும், மருந்து இருக்கு. ஆனா மறு ஊசி ஏன் வேணாம்னீங்க?"

விஸ்வநாதன் சுவரில் தொங்கிய நாகஸ்வரத்தைப் பார்த்தபடி சொன்னார். "அவ தலையில அடிச்ச சத்தியத்தை மீறிட்டேன். அவளைப் புடிக்கவேண்டியது என்னைப் புடிச்சுது. நான் தப்பிச்சா... அது அவகிட்ட போயிடுமே சார்."

வைத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் கர்னல் நுண்ணோக்கியை விட்டு நகர்ந்து தங்கத்தைப் பார்க்கச் சொன்னார். நாக்கில் கிள்ளி, வெள்ளிச் சாயம் ஏற்றிய துணுக்கில், அணுக்களுக்குள் கடுகு இறைத்தாற்போல் கறுப்புப் புள்ளிகள்.

"இதுதாம்மா நீ சொன்ன அந்த 'ஏதோ'."

தங்கம் நேராக வார்டுக்குப் போனாள். ரயில் டிக்கெட்டை நாலாகக் கிழித்தாள். "என் தலை என்ன அவ்வளவு லேசா, மனுஷா?" என்று கணவரின் கறுத்த கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள்.

"இப்ப சத்தியம் பண்ணுங்க. இனிமே வீட்டுலதான் வாசிப்பேன்னு."