பர்கிஸ் கேட்காத மன்னிப்பு

"அந்தக் கை என் வீட்டுக்காரரோடதுன்னு ஊரே சத்தியம் பண்ணுதுய்யா," என்று விசும்பினாள் ஹெஸ்டர். "ஓட்டுரிமையை உசுரா நெனைக்கிற மனுஷன். ஜெயிலுக்குப் போனா அதுவும் போயிடுமே!"

ஆல்சாப் கண்களைத் தேய்த்துக்கொண்டார். தேர்தல் லஞ்ச விசாரணைக்குழுவுக்காக லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் அவர். மார்ல்ஃபோர்டு ஊராரின் பொய்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது. தேர்தலன்று விடுதியின் பின்கதவுத் துவாரத்தருகே வாக்காளர்கள் பெயரைச் சொல்ல, உள்ளிருந்து ஒரு கை தங்கக்காசு நீட்டியிருக்கிறது. முகத்தை யாரும் பார்க்கவில்லை. வாங்கியதை ஒளிக்காமல் சொன்னால் மன்னிப்புச் சீட்டு, கொடுத்தவனுக்குச் சிறை. ஹெஸ்டரின் கணவர், பீப்பாய் செய்யும் சைலஸ் பர்கிஸ் மட்டும் சீட்டுக் கேட்டு வரவேயில்லை.

"வராதவன்தானே சார் குற்றவாளி?" என்று துள்ளினான் உதவியாளன் டிம்ஸ்.

"வாங்கினவன்தான்யா மன்னிப்புக் கேப்பான். வாங்காதவனுக்கு அது எதுக்கு? போ, அந்தக் கசாப்புக்காரனைக் கூட்டிட்டு வா."

கசாப்புக்காரன் ட்ரான்டர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை போல வந்தான். "காலையில என் பேருல ஒரு தடவை, சாயங்காலம் எங்கப்பா பேருல ஒரு தடவை வாங்கினேன் சார். அப்பவே அவர் செத்து ரெண்டு மாசம்!" என்று கெக்கலித்தான்.

"உங்கப்பாவோட சவப்பெட்டியைத் தூக்கினது யார் யாரு?"

"நான், தம்பி, மச்சான், அப்புறம் பர்கிஸ்..." சிரிப்பு நின்றுவிட்டது.

"உள்ளே இருக்கிறது பர்கிஸ்னா, அவரே தோள் கொடுத்துப் புதைச்ச ஆளோட பேரை அவர்கிட்டயே சொல்லிக் காசு கேப்பியா? ஊரை அறியாத ஆள்னு தெரிஞ்சுதானே துணிஞ்சே?"

ட்ரான்டர் தலையைத் தொங்கப்போட்டான். "எல்லாத் தேர்தலுக்கும் வெளியூர் ஆள்தான் சார் உட்காருவான். காரியம் முடிஞ்சதும் ஓடிடுவான். ஆள் பேரைச் சொல்லாட்டி சீட்டு கிடைக்காதோன்னு பயம். எங்களோட சேராதவன் அவன் ஒருத்தன்தான். அதான்..."

"அடப்பாவிகளா!" என்றான் டிம்ஸ்.

சைலஸ் மேல் விழுந்த பழி நீங்கியது. மறு கோடையில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: இப்படி நாறிப்போன மார்ல்ஃபோர்டுக்கு இனி உறுப்பினரே கிடையாது. லண்டனுக்கு வந்த சைலஸ், ஆல்சாப்பின் மேசை முன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அப்ப என் ஓட்டு?"

"அதுவும் போச்சு, பர்கிஸ்."

"நான் விக்கலையேய்யா."

"தெரியும்."

"வித்தவங்க காசையாவது பார்த்தாங்க," என்ற சைலஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.