ஆள் வருது

கொசு கால் வைக்கக்கூட டிக்கெட் எடுத்துக் காத்திருக்க வேண்டிய அந்தப் பேருந்தில், ஓர் இருக்கை மட்டும் தினமும் காலியாகவே இருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டை விரித்துக் கிடக்கும். பக்கத்தில், ஜன்னலோரம், தொப்பிக்காரர் ஒருவர். யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ஆள் வருது."

மூன்று மாதத்துக்கு முன், இந்த நகரத்துக்கு வந்த முதல் நாளே இதே பேருந்தில் கைக்குட்டையைத் தொலைத்தவர் டெய்லர். அன்றிலிருந்து அந்த இருக்கையை ஒட்டி நின்றபடியேதான் தையல் கம்பெனிக்குப் போய்வந்தார். நெரிசல் எப்படியென்றால், மூக்கு அரிக்கிறதென்று சொறிந்தால் சுகம் வேறு யாருக்கோ போய்ச் சேரும்; ஒருநாள் இறங்கிப் பார்த்தால் அவர் சட்டைப் பொத்தான் இன்னொருவர் சட்டைக் காஜாவில் மாட்டியிருந்தது.

"அப்படி யாருங்க வர்றாரு, மந்திரியா?" என்று ஒருமுறை கேட்டும்விட்டார்.

தொப்பிக்காரர் சிரித்தார். "வருவாரு. இன்னும் கொஞ்சம் கால் வலிக்கட்டும்."

இன்று டெய்லருக்கு விடுப்பு. மனைவியும் மகளும் வீட்டைக் காலிசெய்துகொண்டு ஊரிலிருந்து வருகிறார்கள். கடைசி நிறுத்தத்தில், ரயில் நிலைய வாசலில் நிற்பார்கள். நேற்று போனில் மகள் பிடித்த பிடியை விடவில்லை. "அப்பா, பஸ்ல எனக்கு ஜன்னல் சீட் பிடிச்சு வை."

"வைக்கிறேன்டா தங்கம்" என்றிருந்தார். அவளுக்கென்றே தைத்த மஞ்சள் கைக்குட்டை சட்டைப்பையில் இருந்தது.

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் வெள்ளைக் கைக்குட்டை நழுவி அவர் காலடியில் விழுந்தது. எடுத்தார். ஓரத் தையலை விரல் தானாகத் தடவிப் பார்த்தது. மூலையில் ஊசியை ஒருமுறை திருப்பிப் போட்டு முடிப்பது அவருடைய கைவழக்கம். இதிலும் அந்தத் திருப்பம் இருந்தது.

"இது என்னுதுங்க."

"அதத்தானே தினமும் சொல்றேன், டெய்லர் சார்."

தன் தொழிலை அவர் இந்த மனிதரிடம் சொன்னதே இல்லை. ஆனால் மூன்று மாதம் நின்ற கால்களுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை, அவை மடங்கின. உட்கார்ந்ததும் ஈரச்சாக்கு வாடை ஒன்று முழங்காலிலிருந்து மேலேறியது, கண்டக்டரின் விசில் கிணற்றுக்கடியிலிருந்து வருவதுபோல் தேய்ந்தது, நெருக்கி நின்ற அத்தனை உடம்புகளின் சூடும் ஒரே மூச்சில் வடிந்து, சில்லென்ற ஏதோ ஒன்று முதுகோடு மெல்லப் பொருந்தியது.

தொப்பிக்காரர் எழுந்தார். தையல் பிரிவதுபோல் ஒரு சத்தம்.

"எனக்கு இடம் பிடிச்சுக் குடுத்தது எங்க அண்ணன். நீங்களும் யாருக்காவது பிடிச்சு வைங்க. அவங்க உக்காந்தாதான் நீங்க எந்திரிக்கலாம்."

காய்ந்த சருகுபோல் டெய்லரின் முழங்காலைத் தாண்டிப்போய் இறங்கிவிட்டார்.

டெய்லர் எழப் பார்த்தார். முதுகு வரவில்லை. தொடை வரவில்லை. கத்தினார். குரல் வரவில்லை.

வலது கை மட்டும் அசைந்தது. அவர் அசைக்கவில்லை. அது சட்டைப்பைக்குள் போனது. மஞ்சள் கைக்குட்டையை எடுத்தது. ஜன்னலோர இருக்கையில் விரித்தது. அதைப் பிடுங்கத்தான் இடது கையை ஏவினார். அது போய்ச் சுருக்கத்தை நீவிவிட்டது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்றாள் நின்றிருந்த ஒரு பெண்.

அவர் வாய் திறந்தது.

"ஆள் வருது."

கடைசி நிறுத்தம். எல்லோரும் இறங்கினார்கள். கண்ணாடிக்கு வெளியே, இரண்டு பைகளோடு மனைவி. பக்கத்தில் எம்பி எம்பி ஜன்னல்களைத் தேடும் மகள். பார்த்துவிட்டாள்.

"அம்மா, அப்பா எனக்கு சீட் பிடிச்சு வச்சிருக்காரும்மா."

வேண்டாம் என்று தலையை ஆட்ட முயன்றார். தலை ஆடவில்லை. முகம் சிரித்தது.

படியில் சின்னச் செருப்பின் சத்தம். ஒன்று. இரண்டு.

அவர் முதுகுக்குப் பின்னால், மெதுவாக, தையல் பிரியத் தொடங்கியது.